தடை தெரிந்தவள்

பெண்களுக்கான தொழில்முறைக் காற்பந்து லீக் சிங்கப்பூரில் ஏன் சரியாகக் கிளம்பவில்லை என்று என்னிடம் அவ்வப்போது யாராவது கேட்பார்கள். அந்த லீக்கில் ஒரு குழுவுக்கு நான் மேலாளராக இருந்தவள் என்பதால் கேட்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். விளம்பரதாரர்கள் வரவில்லை, பார்க்க ஆள் வரவில்லை, மழை, பெற்றோர் பெண்பிள்ளைகளை விடுவதில்லை. இந்த நாலையும் சொன்னால் தலையாட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். இரண்டு மேடைகளில் நானும் இதையே சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். முதல் மூன்றும் ஓரளவு உண்மை. நாலாவது முழுப் பொய். பெற்றோர் விட்டார்கள். நான் ஒரு வீட்டுக்குப் போய்க் கேட்டேன், விட்டார்கள்.

நாங்கள் பத்து வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா விளையாடிக்கொண்டிருந்த கூட்டம். நான் கோல்கீப்பர். ஃபேரர் பார்க்கில் திடல் கிடைக்கும் நாளில் அங்கே, கிடைக்காத நாளில் எங்கே புல் இருக்கிறதோ அங்கே. முறைப்படி பதிவு செய்துவிட்டுத்தான் போவோம். அப்படியும் தொப்பையும் முழங்கால் கட்டுமாக நாலு ஆண்கள் வந்து, "சிஸ்டர், நீங்க கொஞ்சம் அந்த ஓரமா வெளையாடுங்களேன், நாங்க மேட்ச் லா" என்பார்கள். எங்களுடையது மேட்ச் இல்லை, ஏதோ கோலாட்டம் போல. உடை மாற்றிக்கொள்ள இடம் இருக்காது. காரின் பின்கதவைத் திறந்து, இரண்டு பேர் துண்டைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவள் மாற்றிக்கொள்வாள். எனக்கு எப்போதும் துண்டைப் பிடித்தவள் எங்கள் லெஃப்ட் பேக், இடது ஓரத்தைக் காப்பவள். பதினாலு வயதில் வந்து சேர்ந்தாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். எதிர்க்குழுவில் எவ்வளவு வேகமான பெண் அந்தப் பக்கமாக வந்தாலும் நான் கவலைப்பட்டதில்லை. இவள் எப்படியும் ஓடிப் பிடித்துவிடுவாள்.

அப்படிப்பட்ட எங்களைத் தேடி ஒரு நாள் ஒருவர் வந்தார். லீக்கை நடத்துவதற்கென்றே புதிதாகத் தொடங்கிய கம்பெனியின் அதிகாரி. சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. ஜாலான் புசாரில் ஒரு காப்பிக்கடையில் உட்காரவைத்து, ப்ரொஃபெஷனல், ப்ரொஃபெஷனல் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். மாதச் சம்பளம், காப்புறுதி, காலையில் பயிற்சி, விளையாடுவதே வேலை, வேறு வேலை வேண்டாம். அன்றைக்கு ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அழுதேன். சந்தோஷத்தில்தான். இப்போது நினைத்தால் அந்த ரயிலில் போய் என்னையே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

விளையாடுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். அதனால் ஒரு குழுவுக்கு மேலாளர் ஆக்கினார்கள். நான் பார்த்த வேலை அரசாங்க அலுவலகத்தில், வீடு தொடர்பான விண்ணப்பங்களை வாங்கும் கவுண்டரில். அதை நான் விடவில்லை. ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். போய்ப் பார்க்கிறது, சரிப்பட்டால் இருக்கிறது, இல்லாவிட்டால் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருகிறது. புத்திசாலித்தனம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு குழுவும் முழுநேர உள்ளூர் ஆட்டக்காரர்களின் பட்டியலை ஒரு கெடுவுக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் லீக்கில் இடமில்லை என்று கம்பெனி சொல்லியிருந்தது. எனக்கு ஒரு பெயர் குறைந்தது. லெஃப்ட் பேக்.

அவள் அப்போது ஒரு பெரிய மருத்துவமனையில் தாதி. அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கான மேற்படிப்புக்கு அந்த வருடம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது சுலபத்தில் கிடைப்பதில்லை. "எனக்கு வெளையாடணும்க்கா. ஆனா நானா போய் அப்பாகிட்ட கேட்டா அடிப்பாரு. நீங்க வீட்டுக்கு வந்து முறையா கேளுங்க" என்றாள்.

முறையாகத்தான் போனேன். டெக்கா சந்தையில் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, புக்கிட் பாத்தோக்கில் அவர்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். நல்ல சேலை கட்டியிருந்தேன். கதவைத் திறந்த அவள் அம்மா என்னையும் பழப்பையையும் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்த மாதிரில இருக்கு" என்று சிரித்தார். மூன்று பேரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பொருளை வாங்கினால் அதோடு வரும் காகிதத்தை முழுதும் படிக்கிற ரகம். நான் கொண்டுபோன கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இதுல கான்ட்ராக்ட்னு எங்கயும் போடலியே மா?"

போட்டிருக்காது. அது ஒரு விருப்பக் கடிதம். விளையாட எனக்கு விருப்பம் என்று அவள் சொல்கிறாள், சேர்த்துக்கொள்ள எங்களுக்கு விருப்பம் என்று நாங்கள் சொல்கிறோம். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். நாள் முழுதும் விண்ணப்பங்களைப் படித்துப் பிழைத்தவள் நான்.

"இது மொத பேப்பர்ண்ணே. கான்ட்ராக்ட் அடுத்த மாசம் வந்துரும்" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க உங்க வேலைய விட்டுட்டீங்களா?"

அதுதான் அந்தக் கேள்வி. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கேள்வி. அவள் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் அப்படி ஒரு ஆசை.

"விட்டுட்டேன்ணே."

"அரசாங்க வேலைய?"

"ஆமாண்ணே."

"அப்ப சரி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீங்களே விட்டுவிட்டீர்கள் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். மகளைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். ஆட்டுக்கறிக் குழம்பு. இன்றைக்கும் அந்தக் குழம்பின் ருசி நினைவிருக்கிறது, அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மறுவாரம் சனிக்கிழமை கம்பெனி அதிகாரியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. விளம்பரதாரர் ஒருவர் பின்வாங்கிவிட்டதால் அமைப்பு முறையை மறுபரிசீலனை செய்கிறார்களாம், இப்போதைக்கு ஆட்டக்காரர்களிடம் சொல்ல வேண்டாமாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா என்னைத் தங்கள் கோவிலுக்கு வரச் சொல்லியிருந்தார். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோவில். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவள் இல்லை. எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் அவள் அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன்.

பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் அறிவிப்புகளைப் படித்தார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இது இரண்டாம் அறிவிப்பு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். நான் அவள் அம்மா பக்கம் சாய்ந்து இது என்ன என்று கேட்டேன்.

"ஓலை படிக்கிறதுன்னு சொல்லுவோம். மூணு ஞாயித்துக்கெழம படிப்பாங்க. யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா வந்து சொல்லிரணும். மாப்பிள்ளைக்கு வேற எடத்துல பொண்டாட்டி இருக்கு, அந்த மாதிரி. தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம்."

"யாராவது சொல்லியிருக்காங்களா?"

"நான் பாத்து இல்ல. யாரு போயி சொல்லுவா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஃபாதர் அடுத்த காகிதத்தை எடுத்தார். நம் பங்கைச் சேர்ந்த ஒரு மகள், புதிதாகத் தொடங்கும் பெண்கள் காற்பந்து லீக்கில் முழுநேர ஆட்டக்காரியாகத் தேர்வாகியிருக்கிறாள், அவளுக்காக மன்றாடுவோம். பிறகு அவள் பெயர். கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் முன்னால் போனாள். என்னிடம் மாதிரிக்கு என்று கேட்டு வாங்கிப்போன ஜெர்சியை நீட்டினாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

தடை தெரிந்த ஒருத்தி ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையில் கைப்பேசி, கைப்பேசியில் செய்தி.

வெளியே முற்றத்தில் கோப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அவள் மாமா ஒருவர், "இந்தா, ஒனக்கும் ஓலை படிச்சாச்சு. இனிமே ஓட முடியாது பாத்துக்க" என்று கிண்டல் செய்தார். அவள் அப்பா எல்லாரிடமும் என்னைக் காட்டி, "இவங்க அரசாங்க வேலையவே விட்டுட்டு வந்திருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னார். நாலைந்து பேரிடம் சொன்னார். நாலைந்து பேரும் என்னைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். கை கூசவில்லை. கூசியிருந்தால் இன்றைக்கு இதையெல்லாம் எழுத வேண்டியிருக்காது.

அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு காலைல ஆஸ்பத்திரில ராஜினாமா லெட்டர் குடுத்துர்றேன்க்கா. கோர்சும் வேணாம்னு சொல்லிர்றேன். என் எடம் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்குறவங்களுக்குப் போயிரும்."

ஒரு வாரம் பொறு என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். அதைச் சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள், அப்பாவிடம் போவாள், அப்பா காகிதத்தை எடுப்பார், செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய பட்டியலில் எனக்கு ஒரு பெயர் குறையும். கம்பெனி எப்படியும் சமாளித்துவிடும் என்றும் தோன்றியது. அது வெறும் சப்பைக்கட்டு. எனக்கு லீக் வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் காரின் பின்னால் உடை மாற்றியவளுக்கு ஓர் உடை மாற்றும் அறை வேண்டும். அதற்காக அவளுடைய வேலையை எடுத்துக் கொடுத்தேன். என்னுடையதைக் கொடுக்கவில்லை.

"குடுத்துரு" என்றேன்.

தொடக்க விழா ஒரு ஹோட்டலில் பிரமாதமாக நடந்தது. மேடைக்குப் பின்னால் ப்ரொஃபெஷனல் என்ற சொல் ஆள் உயரத்துக்கு. எங்களுக்குக் கொடுத்த ஜெர்சிகள் ஆண்கள் அளவு, முழங்கால் வரை தொங்கின. பின்பக்கம் துணியை இழுத்துக் கிளிப் போட்டுப் படம் எடுத்தார்கள். படம் எடுத்தவர், "லேடிஸ், கொஞ்சம் ஸ்வீட்டா சிரிங்கலா, சண்டைக்கா போறீங்க" என்றார். நிருபர் ஒருவர் அவளைக் கேட்டார், விளையாடும்போது முகப்பூச்சு போட்டுக்கொள்வீர்களா என்று. "வேர்வைல ஒட்டாது சார்" என்றாள். அந்த ஹாலில் கேட்ட ஒரே உருப்படியான பதில் அது.

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. லீக் முதல் பருவத்தில் கலப்பு முறையில் நடக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதாவது சம்பளம் கிடையாது, ஆட்டத்துக்கு ஒரு படி. காலைப் பயிற்சி கிடையாது, வேலை முடிந்து வந்த பிறகு பயிற்சி. கடைசி வரி எனக்கு மனப்பாடம்: ஆட்டக்காரர்கள் தங்களுடைய தற்போதைய வேலையைத் தொடருமாறு ஊக்குவிக்கப்படுகிறார்கள். அதிகாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க யாரையும் வேலைய விடச் சொல்லலியே மேடம். லெட்டர்ல அப்படி இருக்கா?" என்றார். இல்லை. கடிதத்தில் அப்படி இல்லை. சொன்னது நான்.

அவளிடம் நேரில் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த மின்னஞ்சலை அப்படியே அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, என்ன விடுங்க, நான் நர்ஸ், எங்கயாச்சும் எடுப்பாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? ஒங்களத் திரும்ப எடுப்பாங்களா?"

"பாத்துக்கலாம்" என்றேன்.

எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே விடுப்பைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பிப் போனேன். நாற்காலியை யாரும் தொடக்கூட இல்லை. மேலாளர் வேலையைச் சாயங்காலங்களில் பார்த்துக்கொண்டேன். அவளுக்கு மருத்துவமனையில் பழைய இடம் இல்லை, படிப்பும் இல்லை. புக்கிட் பாத்தோக்கிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். வாரத்துக்கு வாரம் மாறுகிற ஷிஃப்ட். பயிற்சிக்கு வர முடியவில்லை. பயிற்சிக்கு வராதவளைக் குழுவில் வைக்க முடியாது என்று விதி இருந்தது. பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தது நான்தான், மேலாளர் கையெழுத்து வேண்டுமே.

ஒரு புதன்கிழமை காலை என் கவுண்டரில் அடுத்த எண் ஒளிர்ந்தது. அவள் அப்பா வந்து உட்கார்ந்தார். மேல்வீட்டிலிருந்து குளியலறைக் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறதாம், அதற்கான விண்ணப்பம். காகிதத்தை நீட்டிய பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அட, திரும்ப வேல கெடச்சிருச்சா மா?" என்றார். முகத்தில் நிஜமான சந்தோஷம். 

நான் ஏதாவது சொல்வதற்குள் அவர் கண் என் கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டைக்குப் போனது. மூலை உரிந்து, மஞ்சளாகி, பத்து வருடத்துக்கு முந்தைய என் ஒல்லி முகத்தோடு இருந்த பழைய அட்டை. புதிதாகச் சேர்ந்தவளுக்குப் புது அட்டை அல்லவா கொடுத்திருப்பார்கள். அவர் காகிதங்களை முழுதும் படிக்கிறவர். அட்டையையும் படித்தார்.

"விட்டுட்டேன்னு சொன்னீங்களே மா."

குரலை உயர்த்தவில்லை. அவர் கேட்டது அவ்வளவுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் விடுப்பு என்றேனோ, அண்ணே என்றேனோ, ஏதோ ஒன்று. அவர் பேனாவை எடுத்தார்.

"இதுல எங்க சைன் பண்ணணும்?"

இடத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார், நன்றி என்றார், எழுந்து போனார். ஒழுகலைச் சரிசெய்ய ஒரு வாரத்தில் ஆட்கள் போனார்கள். அதை மட்டும் நான் பின்னாலேயே நின்று கவனித்தேன்.

முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. உட்காரும் வரிசைகளில் ஆட்டக்காரர்களின் குடும்பங்களும் காலியிடமும்தான். உடை மாற்றும் அறை இருந்தது. கொக்கிகள், பெஞ்சுகள், கண்ணாடி எல்லாம் இருந்தது. நான் உள்ளே போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தகுதி பெற்ற தாதி ஒருவர் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. ஏஜென்சி ஒன்றிலிருந்து அனுப்புவார்கள். அன்றைக்கு மஞ்சள் அங்கியும் முதலுதவிப் பையுமாக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அவள்தான். ஓய்வு நாளில் இப்படி வேலை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எங்கே அனுப்புகிறார்கள் என்று அவளுக்கும் முதல்நாள்தான் தெரிந்திருக்கும். என்னைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டு பையைத் திறந்து பஞ்சையும் கட்டுத்துணியையும் சரிபார்த்தாள்.

இரண்டாம் பாதியில் எங்கள் புது லெஃப்ட் பேக் எதிர்க்கோல் பக்கம் மூலையில் விழுந்தாள். அவள் இடத்தில் நான் அவசரத்துக்குப் பிடித்துப் போட்ட பெண். நடுவர் கையைக் காட்டியதும் இவள் எழுந்து ஓடினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடது ஓரமாக, கோட்டை ஒட்டியே, பத்து வருடம் ஓடிய அதே பாதையில் ஓடினாள். அந்த ஒரு மணி நேரத்தில் திடலில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடவில்லை.

பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்: "அடேய், அந்த நர்ஸ் என்னமா ஓடுதுலா! அதையே எறக்கி விடுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். கைகூடத் தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி அதிகாரியும் சிரித்தார். "ஸ்கவுட் பண்ணலியா மேடம்?" என்றார்.

அவள் அந்தப் பெண்ணின் கணுக்காலைக் கட்டி, தோளில் தாங்கி, மெதுவாக நடத்திக்கொண்டு வந்தாள். பெஞ்சில் உட்காரவைத்து, காலை உயரத்தில் வைக்கச் சொன்னாள், ஐஸ் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று சொன்னாள். பிறகு ஒரு படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். காயம்பட்ட ஆட்டக்காரிக்குச் சிகிச்சை கொடுக்கப்பட்டது என்று மேலாளர் உறுதி செய்ய வேண்டும். மூச்சு இரைக்கவே இல்லை அவளுக்கு. நெற்றியில் வேர்வை மட்டும் இருந்தது.

அவள் பேனாவை நீட்டினாள்.

"இங்க சைன் பண்ணுங்க மேடம்."

பதினாலு வயதிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டவள். நான் பேனாவை வாங்கி, அவள் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.